பனை பாளை விடாமற்போனாலும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு வசனப் பலகை தொங்குகிறது. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." பிலிப்பியர் 4:4. வருஷக்கணக்காக அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறோம். சுவரில் நெடுநாள் இருப்பது கண்ணில் படாமலே போய்விடும் அல்லவா, அதுவும் அப்படி ஆகியிருந்தது. 2021-இல் ஒரு சாயங்காலம் அது கண்ணில் பட்டது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றைக்குக் காலையில்தான் என் கணவருடைய மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பாளையங்கோட்டையில் அவர் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், வேலைக்கு இரண்டு பேர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கன்வென்ஷன் நோட்டீஸ், அசனப் பண்டிகை அழைப்பிதழ் எல்லாம் அடிப்பார்கள். பெரிய லாபம் இல்லை, ஆனாலும் வண்டி ஓடியது. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று ஆனபிறகு யார் பத்திரிகை அடிப்பார்கள்? கோயில் கதவும் அடைத்துக் கிடந்தது. ஈஸ்டர் ஆராதனையைக் கைப்பேசியில் பார்த்தோம். ஊரடங்கு தளர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கல்யாணங்கள் திரும்ப வந்தன, பத்திரிகை மட்டும் பழையபடி வரவில்லை. ஒரு படமாகச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஊர் பழகிவிட்டது. கடை வாடகை பாக்கி நின்றது. என் வளையல்கள் அடகுக்குப் போயின, மீட்க முடியவில்லை. கடைசியில் மெஷினும் போயிற்று.

அதைத் தூக்கிய நாளில் நான் அழவில்லை. அப்புறம் ஒரு மாதம் கழித்து, ராத்திரி அவர் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அவர் கையைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய நகக்கண்களில் கறுப்பு மை ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும், சோப்பு போட்டுத் தேய்த்தாலும் ஓரத்தில் ஒரு கோடு நிற்கும். அன்றைக்கு நகங்கள் பத்தும் வெள்ளையாக இருந்தன. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. மகனுக்கு வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைந்தது, ஸ்தோத்திரம். வீட்டுக் கடன் பாஸாகிவிட்டது, ஸ்தோத்திரம். அந்தச் சாட்சிகள் எதுவும் பொய்யல்ல. அவர்களோடு சேர்ந்து நானும் மனதாரக் கை தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. 'கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார்' என்று ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி என்னைக் குடைந்தது. தராவிட்டால்? தராமலே போய்விட்டால் நான் சந்தோஷமாக இருக்கக் கூடாதா?

நாம் பெரும்பாலும் சந்தோஷத்தைக் கூலி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம், தசமபாகம் கொடுத்தோம், கேட்டது கிடைத்தது, அதனால் மகிழ்கிறோம். கிடைக்காத வரைக்கும் கர்த்தரோடு ஒரு மௌனப் போராட்டம். அந்த வருஷம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன்.

கோபத்தோடேயே ஒருநாள், அப்போஸ்தலன் பவுல் பிலிப்பியருக்குக் கடிதமாக எழுதின அந்த நிருபத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நாலே அதிகாரம்தான். அதற்கு முன்னால் அப்படி ஒரே மூச்சில் வாசித்ததில்லை. நமக்குப் பழக்கம் தினம் ஒரு வசனம். அப்போதுதான் உறைத்தது, இதை எழுதிய மனுஷன் சங்கிலியில் இருக்கிறார். முதல் அதிகாரத்திலேயே 'என் கட்டுகள்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிழைப்போமா சாவோமா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார். அவரும் போயிருந்தால் தனக்கு 'துக்கத்தின்மேல் துக்கம்' ஆகியிருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் 'கண்ணீரோடும் சொல்லுகிறேன்' என்கிறார். அந்தக் கண்ணீருக்குச் சில வசனங்கள் தள்ளித்தான் எங்கள் வீட்டுப் பலகையில் இருக்கும் வசனம் வருகிறது.

யாருக்கு எழுதுகிறார் என்பதும் முக்கியம். மக்கெதோனியாவில் இருந்த பிலிப்பி பட்டணத்தாருக்கு. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்த ஊரில்தான் பவுலையும் சீலாவையும் அடித்து, உட்காவலறையில் அடைத்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் இரண்டு பேரும் பாடினார்கள். காவலில் இருந்த மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ராத்திரியே சிறைச்சாலைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். பிறகு இந்த நிருபம் பிலிப்பி சபையில் வாசிக்கப்பட்டபோது அவனும் அங்கே உட்கார்ந்திருப்பான் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். 'சந்தோஷமாயிருங்கள்' என்று வாசிக்கக் கேட்டபோது, இது சும்மா சொல்கிற வார்த்தை என்று அவன் நினைத்திருக்க முடியாது. இவர் சொன்னால் நம்பலாம் என்றுதான் நினைத்திருப்பான். அந்த முதுகை அவன் பார்த்திருக்கிறான்.

நாலாம் அதிகாரத்தில் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மனரம்மியம்! சாயங்காலக் காற்றையும் ஆற்றங்கரையையும் ரம்மியம் என்போம். அதைக் கொண்டுவந்து மனதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள் நம் வேதாகமத்தில். கிரேக்கத்தில் இந்த இடத்தில் இருப்பது 'ஔதார்க்கேஸ்' என்ற சொல். தனக்குத் தானே போதுமானவன் என்று அர்த்தம். பவுல் காலத்து ஸ்தோயிக்க ஞானிகள் விரும்பிச் சொன்ன சொல் அது. வெளியே எது போனாலும் வந்தாலும் அசையாத மனம் வேண்டும், அதை மனிதன் தன் புத்தியின் பலத்தால் அடைய வேண்டும் என்பது அவர்கள் போதனை. பவுல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஆதாரத்தை மாற்றிவிடுகிறார். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்று சொல்லிவிட்டு, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று முடிக்கிறார். இந்தக் கடைசி வசனத்தை நாம் பரீட்சை அட்டையிலும் கார் கண்ணாடியிலும் ஒட்டி வைக்கிறோம். அது பரீட்சையில் பாஸாவதைப் பற்றிய வசனமே அல்ல, பட்டினி கிடக்கவும் பெலன் உண்டு என்கிற வசனம்.

அதே சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த சொல்தான் 1 தீமோத்தேயு 6:6-இலும் வருகிறது. தமிழில் அங்கே வேறு மாதிரி: "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்." போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் எது போதும் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை. கையில் இருக்கிற பணம் போதுமா, சாப்பாடு போதுமா? எனக்கு நிஜமாகவே போதவில்லை. மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் போதவில்லை. போதாததைப் போதும் என்று மனதை ஏமாற்ற எனக்கு வரவில்லை. பவுல் தேவபக்தியை அதோடு சேர்த்து வைக்கிறார். எபிரெயருக்கு எழுதின நிருபம் இன்னும் நேராகவே சொல்கிறது: உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள், ஏனென்றால் "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்று அவர் சொல்லியிருக்கிறார். இருக்கிறவைகளின் கணக்கில் அவரும் இருக்கிறார். நான் பணத்தையும் நகையையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, அறிவுக்குப் புரிந்துவிட்டது. மனதுக்குப் புரிய நாளானது. பவுலே 'கற்றுக்கொண்டேன்' என்றுதான் சொல்கிறார். எப்படிக் கற்பது?

இதற்குப் பதில் எனக்குச் சங்கீதம் 131-இல் கிடைத்தது. மூன்றே வசனம் உள்ள ஆரோகண சங்கீதம். "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்." எத்தனையோ தடவை வாசித்திருந்தும், தாய் மடியில் நிம்மதியாக இருக்கிற குழந்தை என்று மட்டும் எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை 'பால் மறந்த' என்கிற வார்த்தையில் நின்றுவிட்டேன். ஏனென்றால் நான் ஒரு பிள்ளையைப் பால் மறக்கடித்திருக்கிறேன்.

மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. அம்மா வேப்பிலையை மைய அரைத்துக் கொடுத்தார்கள். தடவிக்கொண்டேன். அவள் வழக்கம்போல ஓடிவந்து வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். 'நீயா இப்படிச் செய்கிறாய்?' என்று கேட்கிற பார்வை. மூன்று ராத்திரி அழுதாள். என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள், கையால் அடித்தாள், அழுது அழுது தொண்டை கட்டிப்போய்ச் சத்தமே வரவில்லை. எனக்கும் பால் கட்டிக்கொண்டு ஜுரம். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் அழுதேன். கொடுத்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுவாள் என்று தெரியும். தெரிந்தும் கொடுக்கவில்லை. பிரியம் இல்லாமல் இல்லை, இனி அவள் சோறு சாப்பிட வேண்டும், வளர வேண்டும்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து ஒரு மத்தியானம், அவளாகவே வந்து மடியில் ஏறினாள். நான் பயந்தேன், மறுபடி கேட்கப் போகிறாள் என்று. கேட்கவில்லை. நெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். அதுவரைக்கும் அவள் என்னிடம் வந்ததெல்லாம் பாலுக்காக. அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்காக வந்தாள்.

அந்தச் சங்கீதத்தை இந்த ஞாபகத்தோடு வாசித்தபோது வெகுநேரம் வேதப்புத்தகத்தை மூட முடியவில்லை. கர்த்தரிடத்தில் நான் இத்தனை நாள் எதற்காக வந்தேன்? அச்சகத்தில் கசப்பைத் தடவிவிட்டு அவர் எங்கும் போய்விடவில்லை. மூன்று ராத்திரி நான் அவரை அடித்தபோதும் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆதியாகமம் 21-இல், ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தான் என்று இருக்கிறது. பிள்ளை அழுது முடித்த நாளுக்கு வீட்டில் விருந்து! மெஷின் போனது தேவசித்தம், நல்லதற்குத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஏன் போயிற்று என்று எனக்குத் தெரியாது. 'எனக்கு மிஞ்சின கருமங்களிலும் தலையிடுகிறதுமில்லை' என்று அதே சங்கீதத்தில் இருக்கிறது, அதோடு விட்டுவிடுகிறேன். ஆனால் அவரிடம் எதையும் கேட்காமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கண்ணீர் வந்துகொண்டிருந்தபோதும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே மாதத்தில்தான் எங்கள் வாசலில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று அப்புறம் தெரிந்தது. ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு குடும்பம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "பவுலுக்குப் பிலிப்பியர் அனுப்பினதை அவர் திருப்பியா அனுப்பினார்?" என்று கேட்டார். உண்மைதான். எனக்கு எல்லாவற்றுக்கும் பெலனுண்டு என்று சொன்ன மூச்சோடு, "ஆகிலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்று அடுத்த வசனத்தில் எழுதியிருக்கிறார். மனரம்மியமாய் இருக்கிறவனுக்கு யாரும் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

மூட்டையைப் பிரித்து, உலைக்கு அரிசி அளந்தபோது என் கை தானாக நின்றது. ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஆச்சி ஊர் குதிரைமொழித் தேரியை ஒட்டியது. தேரி என்றால் செம்மணல் மேடு, கண்ணுக்கெட்டிய தூரம் பனை. தாத்தா பனையேறினவர். காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார். ஆச்சி அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவாள். பதநீர் காலம் முடிந்தால் வருமானம் முடிந்தது. அடுத்த காலம் வரைக்கும் கடன்தான், கூழ்தான். அந்த மாதங்களிலும் ஆச்சி உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு கைப்பிடி அள்ளித் தனியாக ஒரு பானையில் போடுவாள். கைப்பிடி அரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் காணிக்கை அது. நான் லீவுக்குப் போயிருந்தபோது கேட்டிருக்கிறேன், "ஆச்சி, நமக்கே பத்தாதே, ஏன் எடுக்கிய?" என்று. "ஏளா, ஒரு பிடி கொறஞ்சா பசியா கூடிரும்? ஆண்டவரு சாப்பிடாம நாம சாப்பிடவா?" என்றாள். ஆண்டவரும் அந்த வீட்டில் சாப்பிடுகிற ஓர் ஆள் என்பதுபோலச் சொன்னாள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் கடைசி ஜெபத்தை அவள் தன் பாஷையில் சொல்லுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் கேட்டு மனதில் வாங்கியதுதான். வேதத்தில் அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம் என்று வரும். ஆச்சி அவற்றில் ஒன்றையும் கண்ணால் பார்த்தவள் அல்ல. அதனால் இப்படி ஜெபிப்பாள்: "பனை பாளை விடாமப் போனாலும், கிணத்துல தண்ணி ஊறாமப் போனாலும், தொழுவுல ஆடு நிக்காமப் போனாலும், நான் கர்த்தருக்குள்ள சந்தோசமா இருப்பேன்." பிள்ளைகள் நாங்கள் தூக்கத்தில் ஆடிக்கொண்டே ஆமென் சொல்லுவோம்.

பெரியவளான பிறகு ஆபகூக்கை முழுதாக வாசித்தேன். மூன்று அதிகாரம்; "நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று சண்டையோடுதான் தொடங்குகிறது. பாபிலோனியரான கல்தேயர் படையெடுத்து வரப்போகிறார்கள். அத்திமர வசனத்துக்குச் சற்று முன்னால், என் குடல் குழம்பிற்று, உதடுகள் துடித்தது, நான் நடுங்கினேன் என்று தீர்க்கதரிசி சொல்கிறார். நடுக்கம் நின்றபிறகு பாடினார் என்று அங்கே இல்லை. காலண்டர்களில் 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிற பாதியை மட்டும் பூப்படத்தோடு அச்சடிக்கிறார்கள். எங்கள் அச்சகத்திலும் அப்படி அடித்திருக்கிறோம். முந்தின பாதி இல்லாமல் அந்த வசனத்துக்கு உயிரே இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். போதுமென்கிற மனதைப் பற்றி வசதியானவர்கள் வசதியில்லாதவர்களுக்குப் பிரசங்கம் செய்வது பாவம் என்றே நினைக்கிறேன். வயலை அறுத்தவனுடைய கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். தாத்தாவின் கருப்பட்டியை அடிமாட்டு விலைக்கு எடுத்த வியாபாரிக்கு ஆச்சியின் மனரம்மியத்தில் எந்தப் பங்கும் கிடையாது. அது அவளுக்கும் அவளுடைய ஆண்டவருக்கும் நடுவே இருந்தது. நானும் இதை யாருக்கும் புத்தி சொல்ல எழுதவில்லை. ஜெபக்கூட்டத்தில் சொல்ல முடியாமல் போன என் சாட்சியை எழுதுகிறேன்.

இப்போது என் கணவர் வண்ணார்பேட்டையில் இன்னொருவர் அச்சகத்தில் மெஷின்மேனாக இருக்கிறார். சம்பளம் முன்னால் கிடைத்ததில் பாதிதான். வளையல் திரும்பவில்லை. சில நாட்கள் பழைய கோபம் எட்டிப் பார்க்கிறது, மாதக் கடைசியில் அதிகமாகவே. அப்படி வரும்போது அந்த ஐந்து நிமிஷத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அடுக்களையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில்தான் கைப்பிடி அரிசி. மகள் இப்போது போட்டி போட்டுக்கொண்டு வந்து தன் சின்னக் கையால் அள்ளிப் போடுகிறாள். கீழே சிந்தியதையும் பொறுக்கிப் போடச் சொல்வேன்.

போன வாரம் ராத்திரி ஜெபத்துக்கு ஆபகூக்கு வந்தது. வாசிப்பது என் கணவர் முறை. வேலை முடிந்து வந்து கை கழுவியும் நகக்கண்ணில் மை போகவில்லை. அந்த விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி வாசித்தார். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம். "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" என்ற இடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் பேசாமல் இருந்தார். புத்தகத்தைப் பார்க்காமல், "கடையில மெஷின் இல்லாமப் போனாலும்" என்றார். அப்புறம் மீதியை வாசித்தார்.

மகள்தான் முதலில் ஆமென் சொன்னாள், சத்தமாக.